காலால் அறிந்து கையால் செய்தவர்கள்

ஒரு விளையாட்டை ஆடுகிறவர் ஒருவராகவும் அதற்கான கருவியைச் செய்கிறவர் வேறொருவராகவும் இருப்பதே பெரும்பாலும் வழக்கம். கிரிக்கெட் மட்டையைச் செதுக்கும் தச்சர் ஆடுகளத்தில் இறங்கிப் பந்தை எதிர்கொள்வதில்லை. மட்டையைப் பிடிப்பவரும் மரத்தை இழைத்துப் பார்ப்பதில்லை. நீர்ச்சறுக்கின் நூறாண்டு வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது, அங்கே இந்தப் பிரிவினை ஏறத்தாழ இல்லவே இல்லை என்பதுதான் என்னை முதலில் ஈர்த்தது. படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சென்றவர்களே கரையேறியதும் பட்டறைக்குள் நுழைந்து, காலில் உணர்ந்த குறையை அடுத்த பலகையில் திருத்தியிருக்கிறார்கள். தண்ணீருக்கும் பட்டறைக்கும் இடையே நடந்தே தம் வாழ்நாளைக் கழித்த அந்த மனிதர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன்.

நான் சேலத்தில் கருப்பூர்ப் பக்கம் ஃபைபர் பட்டறை நடத்துகிறேன். தண்ணீர்த் தொட்டி, பேருந்தின் முன்முகப்பு, மிதிபடகின் அடிப்பாகம் என்று வரும் வேலைகளையெல்லாம் செய்கிறோம். மோல்டு என்ற அச்சுக்கு வேக்ஸ் தடவி, கண்ணாடியிழை மேட் விரிப்பைப் பரப்பி, ரெசின் என்ற பிசினைப் பூசி, காற்றுக் குமிழி நிற்காமல் ரோலர் ஓட்டும் தொழில். இந்தத் தொழிலால்தான் ஒரு நீர்ச்சறுக்குப் பலகை என் கைக்கு வந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், இளமையில் வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் இந்த விளையாட்டைக் கற்றவர், ஊர் திரும்பும்போது எடுத்து வந்திருந்த தம் ஸ்லாலம் பலகையைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். ஒற்றைப் பலகையில் இரண்டு கால்களையும் முன்பின்னாக வைத்து நின்று, மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றிச் செல்லும் பிரிவுக்கானது அது.

"தம்பி, படகுன்னு நினைச்சு மேல ரெண்டு மேட்டைப் போட்டு மூடிடாதீங்க. எடை கூடுனாலும் கெட்டுது, வளைவு மாறுனாலும் கெட்டுது" என்றார்.

"சரிங்க சார், நீங்களே பக்கத்துல இருந்து பாருங்க" என்றேன். அவரும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கால்பிடியைத் தாங்கும் திருகு ஒன்று தளர்ந்து, அந்தத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. மேல்தோல் உள்ளிருந்த நுரைக்கட்டியை விட்டுப் பிரிந்திருந்ததால், நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தபோது அந்த இடத்தில் மட்டும் ஓசை வெறுமையாகக் கேட்டது. ஈரத்தை முழுமையாக உலர்த்தி, பிரிந்த பகுதியில் நுண்துளைகள் இட்டு, எப்பாக்சி என்ற பசையை ஊசிவழியே செலுத்தி, சீரான அழுத்தத்தில் கிளாம்ப் போட்டு இறுகவிட வேண்டும். நாங்கள் அன்றாடம் புழங்கும் பாலியெஸ்டர் ரெசின் இதற்கு உதவாது. ஏற்கெனவே இறுகிவிட்ட பரப்பின்மேல் எப்பாக்சிக்கு இருக்கும் பிடிப்பு அதற்குக் கிடையாது. இதுவரைக்கும் எனக்குத் தெரிந்த வேலை. தெரியாதது அந்தப் பலகையின் வடிவம்.

தொலைவிலிருந்து பார்த்தால் அது வெறும் நீண்ட பலகை. அடிப்புறத்தைத் திருப்பிச் சமதளக் கல்லின்மேல் வைத்து அளவெடுக்கத் தொடங்கினால், நேர்கோடு என்று ஒன்றுகூட அதில் கிடைக்காது. நீளவாக்கில் நடுவே ஒரு குழிவு ஓடுகிறது. அதன் ஆழம் முன்னிருந்து பின்னுக்குச் செல்லச் செல்ல மாறுகிறது. ஓரங்கள் ஓரிடத்தில் உருண்டையாகவும் மற்றோரிடத்தில் கூர்மையான சாய்வெட்டாகவும் இருக்கின்றன. பக்கவாட்டில் பார்த்தால் முனையிலிருந்து வால் வரை ஒரு மெல்லிய வில்வளைவு. அதை ராக்கர் என்கிறார்கள். தோட்டக்காரர் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். பலகையைச் சாய்த்து நிறுத்தும்போது குழிவு தண்ணீரைப் பற்றிக்கொள்வதால் அது வழுக்கி விலகாமல் நிற்கிறது. சாய்வெட்டான ஓரம் தண்ணீரைச் சட்டென்று விடுவிப்பதால் பலகை மேலெழுந்து ஓடுகிறது. உருண்டையான ஓரத்தைத் தண்ணீர் தழுவிச் செல்வதால் பலகை ஆழ்ந்து நிற்கிறது. ராக்கர் கூடினால் திரும்புவது எளிது, ஆனால் வேகம் குறையும். ராக்கர் குறைந்தால் வேகம் கிடைக்கும், திருப்பத்தில் பிடிவாதம் காட்டும். இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் மாறும் என்றால், முதன்முதலில் இதை உட்கார்ந்து கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வி அன்றே எனக்குள் எழுந்துவிட்டது.

முதல் ஆளின் கதை எளிமையானது. அமெரிக்காவின் மினசோட்டாவில், மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாக விரியும் இடம் பெப்பின் ஏரி. அதன் கரையிலுள்ள லேக் சிட்டி என்ற சிற்றூரைச் சேர்ந்த ரால்ஃப் சாமுவேல்சன், பனியில் சறுக்க முடியும்போது தண்ணீரில் ஏன் முடியாது என்ற எண்ணத்தோடு 1922 கோடையில், தம் 18 வயதில், முயன்று பார்க்கத் தொடங்கினார். பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார். பனிச்சறுக்குக் கட்டைகளையே கட்டிப் பார்த்தார். இரண்டும் உதவவில்லை. பிறகு 8 அடி நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட இரண்டு மரப்பலகைகளை வாங்கி, அவற்றின் முனைகளைத் தாயாரின் செப்புக் கொப்பரையில் கொதிநீரில் இளக்கி, மேல்நோக்கி வளைத்து, இறுக்கிப் பிடித்துக் காயவைத்தார். காலை நுழைக்கத் தோல்வார், இழுக்கச் சாளரக் கதவுக்குப் பயன்படும் நூற்கயிறு, பிடித்துக்கொள்ள ஓர் இரும்பு வளையம். படகை அண்ணன் பென் ஓட்டினார். பல நாள் விழுந்து எழுந்த பின்னர், உடலைப் பின்னால் சாய்த்துப் பலகை முனைகளைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தினால்தான் எழ முடியும் என்பது பிடிபட்டது. ஜூலை 2ஆம் நாள், அதாவது தம் 19ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அவர் தண்ணீரின்மேல் எழுந்து நின்று சென்றார்.

இங்கே நான் கவனிப்பது அந்த வளைந்த முனையை. ராக்கர் என்று இன்று நாம் சொல்லும் வளைவின் முதல் வடிவம் அதுதான். எந்தக் கணக்கும் போடாமல், முகங்குப்புற விழுந்த ஒவ்வொரு முறையும் கால் சொன்னதைக் கேட்டு அந்த இளைஞர் அந்த வளைவுக்கு வந்து சேர்ந்தார். 1925இல் சாய்த்துவைத்த மேடை ஒன்றின்மேல் பன்றிக்கொழுப்பைப் பூசி, அதிலிருந்து பாய்ந்து நீர்ச்சறுக்கில் முதல் தாண்டலையும் அவரே நிகழ்த்தினார். ஆனால் காப்புரிமை எதையும் அவர் வாங்கவில்லை. அதே 1925இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிரெட் வாலர், தாம் வடிவமைத்த நீர்ச்சறுக்குப் பலகைக்குக் காப்புரிமை பெற்று விற்பனைக்கும் கொண்டுவந்தார். பிற்காலத்தில் சினிராமா என்னும் அகன்ற திரை முறையை உருவாக்கியவரும் அவரே. சாமுவேல்சனோ முதுகில் அடிபட்டு விளையாட்டை விட்டு, வான்கோழி வளர்ப்பில் இறங்கி, ஏறத்தாழ மறக்கப்பட்டுப் போனார். 1966இல்தான் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் முதலில் நீரில் சறுக்கியவர் அவரே என்று ஏற்றுக்கொண்டது. 1977இல் அவர் மறைந்தார். வாலர் செய்ததில் குற்றம் ஏதும் இல்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மனிதர் தம் கண்டுபிடிப்பு ஊர் ஊராகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தார் என்பதைப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

நீர்ச்சறுக்கு ஒரு பிழைப்பாக மாறியது ஃபுளோரிடாவில். டிக் போப் என்பவர் 1936இல் வின்டர் ஹேவனில் சைப்ரஸ் கார்டன்ஸ் என்ற பூங்காவைத் திறந்தார். 1940களின் தொடக்கத்தில் அங்கே நீர்ச்சறுக்குக் காட்சிகள் நடக்கத் தொடங்கின. நாள்தோறும் காட்சி, ஊதியம், பயிற்சி என்று ஆனபோதுதான், ஒருவர் இதையே தம் தொழிலாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. நாள்தோறும் சறுக்குகிறவரின் கையில் கருவியும் நாள்தோறும் தேய்கிறது, உடைகிறது, திருத்தப்படுகிறது. வெறுங்காலில் சறுக்கும் வித்தையும் 1947இல் அந்த வட்டாரத்தில்தான் பிறந்தது. அந்த இடத்தில் இன்று லெகோலேண்ட் இருக்கிறது.

இனி, இந்தக் கருவி ஏன் இவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். ஸ்லாலம் களத்தின் நீளம் 259 மீட்டர். நுழைவாயிலிலிருந்து 27 மீட்டரில் முதல் மிதவை. பிறகு 41 மீட்டருக்கு ஒன்றாக, இடமும் வலமும் மாறி மாறி மொத்தம் ஆறு. கடைசி மிதவையிலிருந்து வெளிவாயிலுக்கு மீண்டும் 27 மீட்டர். படகு நடுக்கோட்டில் நேராகச் செல்லும். ஒவ்வொரு மிதவையும் அந்த நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி மிதக்கும். ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. இந்த வேகத்தில் ஒரு மிதவையிலிருந்து அடுத்த மிதவைக்குப் படகு செல்ல இரண்டரை விநாடிதான் ஆகும். அதற்குள் சறுக்குகிறவர் 23 மீட்டர் குறுக்கே பாய்ந்து, வேகத்தைக் கட்டுப்படுத்தி, மிதவையைச் சுற்றித் திரும்பி, மறுபக்கம் பாயத் தயாராக வேண்டும்.

ஆறையும் சுற்றிவிட்டால் வேகத்தைக் கூட்டமாட்டார்கள், கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டரில் தொடங்கும் கயிறு 16, 14.25, 13, 12, 11.25, 10.75, 10.25, 9.75 என்று படிப்படியாகக் குறையும். 11.25க்கு வந்ததும் கயிற்றின் நீளமே மிதவையின் தொலைவைவிடக் குறைவாகிவிடுகிறது என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கயிறு எட்டாத இடத்துக்கு உடல்தான் எட்ட வேண்டும். கைகள் நீண்டு, உடல் தண்ணீருக்கு ஏறத்தாழ இணையாகச் சாய்ந்து, பலகை மட்டும் மிதவைக்கு வெளியே சுற்றி வர வேண்டும். 2013இல் அமெரிக்கரான நேட் ஸ்மித் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவைகளைச் சுற்றி உலகச் சாதனை படைத்தார். அங்கே கயிற்றுக்கும் மிதவைக்கும் இடைவெளி 1.75 மீட்டர். களத்தின் அளவு எல்லா நாட்டிலும் ஒன்றே, வேகமும் ஒன்றே. அப்படியிருக்கையில் சாதனை நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது என்றால், மனிதரின் திறமையோடு பலகையும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது என்றே பொருள்.

பலகையின் வாலுக்கு அடியில் நிற்கும் ஃபின் என்ற தகட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆழம் இரண்டரை அங்குலத்தை ஒட்டியும், நீளம் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும் மெல்லிய தகடு அது. ஆழம், நீளம், வாலின் கடைசி விளிம்பிலிருந்து தொலைவு என்ற மூன்றையும் கேலிப்பரால் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து பொருத்துகிறார்கள். ஆழத்தைக் கூட்டினால் வால் இறுகிப் பிடிக்கும். குறைத்தால் வால் எளிதாக வழுக்கித் திரும்பும். தகட்டின் பக்கவாட்டில் சிறு இறக்கை ஒன்றைப் பொருத்தி, மிதவையை நெருங்கும்போது வேகம் தணியும்படி செய்கிறார்கள். ஆயிரத்தில் ஐந்து பங்கு என்பது 0.13 மில்லிமீட்டர், ஒரு தாளின் கனத்தைவிடச் சற்றுக் கூடுதல். அந்த வேறுபாட்டைத் தேர்ந்த வீரர்கள் காலால் உணர்கிறார்கள் என்று தோட்டக்காரர் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. 58 கிலோமீட்டர் வேகத்தில் முழு எடையும் ஒரு விளிம்பின்மேல் நிற்கும் நிலையைச் சற்று நினைத்துப் பார்த்த பிறகு நம்பாமல் இருக்க முடியவில்லை.

அந்த உணர்வையே தொழிலாக்கியவர்களில் ஆண்டி மேப்பிளை நான் முதலில் வைப்பேன். இங்கிலாந்துக்காரர். 1981இல் அங்கேயே நடந்த உலகப் போட்டியில் ஸ்லாலம் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 18. பின்னர் அமெரிக்காவில் குடியேறி, அவரைப் போலவே உலகப் பட்டம் வென்ற தீனா பிரஷ்ஷை மணந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பிரிவில் முன்னணி வீரராகத் திகழ்ந்தார். அவர் பெயர் தாங்கிய பலகைகளை ஓபிரையன் நிறுவனம் வெளியிட்டது. பிற்காலத்தில் தம் பெயரிலேயே பலகைகள் செய்யும் நிறுவனத்தையும் தொடங்கினார். நிறுவனங்கள் வீரர்களின் பெயரைப் பொருளின்மேல் அச்சிடுவது புதிதல்ல. மேப்பிள் விஷயத்தில் பெயரோடு காலும் அதில் இருந்தது. போட்டியில் எந்த மிதவையில் வால் தாமதித்தது என்பதைத் தெரிந்தவரே, எந்த இடத்தில் குழிவை ஆழமாக்குவது என்பதையும் தீர்மானித்தார். 2015இல் 52 வயதிலேயே அவர் மறைந்துவிட்டார்.

பட்டறைக்காரனாகிய எனக்கு மேப்பிளைவிடவும் நெருக்கமாகத் தோன்றுபவர் ஹெர்ப் ஓபிரையன். அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தில், 1960களில் பலகை செய்யத் தொடங்கினார். மரப்பலகையின் காலம் முடிந்து ஃபைபர் கண்ணாடியும் நுரைக்கட்டியும் வந்து சேர்ந்த காலம் அது. மரம் தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் முறுக்கிக்கொள்ளும்; எவ்வளவு தேர்ந்த தச்சராக இருந்தாலும் இரண்டு பலகைகளின் வளைவை ஒரேமாதிரி நிறுத்த முடியாது. மோல்டில் வார்க்கும்போதுதான் ஒரு நல்ல வடிவத்தை அப்படியே மீண்டும் எடுக்க முடிகிறது. மீண்டும் எடுக்க முடிந்தால்தான் ஒன்றை மட்டும் மாற்றி அதன் விளைவைப் பார்க்க முடிகிறது. கண்டுபிடிப்பு என்பதே இந்தத் துறையில் அப்போதுதான் ஒழுங்குக்கு வந்தது என்று நினைக்கிறேன். பின்னர் கார்பன் இழையும், பி.வி.சி. நுரைக்கட்டியும் வந்து எடையைக் குறைத்து விறைப்பைக் கூட்டின. பி.வி.சி. ரெசின் நம் மேட்டூரிலேயே தயாராகிறது. அந்த நுரைக்கட்டியை மட்டும் என் பட்டறைக்கு வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கிறது.

ஓபிரையனின் நிறுவனம் பெரிதாகி, விற்கப்பட்டு, பிறர் கைக்குப் போயிற்று. பெயரும் அதனோடு போய்விட்டது. மனம் தளராமல், 1980களின் தொடக்கத்தில், தம் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஹெச்.ஓ. என்ற புதிய நிறுவனத்தை அவர் தொடங்கினார். அங்கிருந்து அவர் செய்ததுதான் நீர்ச்சறுக்கின் போக்கையே மாற்றியது. 1985இல் சான் டியேகோவைச் சேர்ந்த டோனி ஃபின் என்பவர், அலைச்சறுக்குப் பலகை போன்ற ஒன்றைப் படகின் பின்னால் இழுத்துச் செல்லும் ஸ்கர்ஃபரைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பலகை மிகவும் மிதந்தது. ஆழ்ந்த தண்ணீரில் அதைக் காலுக்கு அடியில் அமுக்கிக்கொண்டு எழுவது வலுவுள்ளவர்களுக்கே கடினமாக இருந்தது. ஓபிரையன் 1990ஐ ஒட்டி வெளியிட்ட ஹைப்பர்லைட், அழுத்தி வார்க்கும் முறையில் செய்யப்பட்ட மெல்லிய பலகை. மிதக்கவும் துடிக்காது, மூழ்கவும் செய்யாது. காலை நுழைத்தவரோடு சேர்ந்தே தண்ணீருக்குள் அமைதியாக நிற்கும். அடிப்புறத்தில் பெரிய பள்ளங்களை இட்டு, தண்ணீர் பலகையை ஒட்டிப் பிடிப்பதைக் குறைத்தார். வேக்போர்டு என்று இன்று உலகெங்கும் ஆடப்படும் விளையாட்டு பரவியது அதன் பிறகே.

மிதவைத் திறனைக் கூட்டுவதுதான் எங்கள் தொழிலில் எப்போதும் பெருமை. படகு எவ்வளவு ஆளைத் தாங்கும் என்றே வாங்குபவர் கேட்பார். வேண்டுமென்றே அதைக் குறைத்தால்தான் நன்மை என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமானால், அவர் குளிர்ந்த தண்ணீரில் கிடந்து, காலுக்கு அடியிலிருந்து நழுவி ஓடும் பலகையோடு போராடியவராக இருந்திருக்க வேண்டும்.

தெற்குக் கலிபோர்னியாவின் மைக் மர்ஃபியும் அந்த வகையைச் சேர்ந்தவர். வெறுங்காலில் சறுக்குவதில் புகழ்பெற்றவர். முழங்காலிட்டுச் சறுக்கும் பலகையின் தொடக்கக் காலத்திலும் அவருடைய கை உண்டு. அதன்பின் பாப் வுல்லியுடன் சேர்ந்து, அமர்ந்தபடியே செல்லும் ஹைட்ரோஃபாயிலை உருவாக்கினார். பலகைக்குக் கீழே நீண்ட ஒரு தண்டு, அதன் அடியில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இறக்கைகள். தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு என்பதால், சிறிய இறக்கையே ஓர் ஆளை மேலே தூக்கிவிடும். பலகை தண்ணீரைத் தொடாமல் காற்றில் ஓட, கீழே இறக்கை மட்டும் அலைக்கு அடியில் அமைதியாகச் செல்லும். ஏர் சேர் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. கால் மூட்டுகள் தேய்ந்த மூத்த வீரர்கள் பலர் தண்ணீரை விடாமல் இருக்க அந்த இருக்கை வழிவகுத்தது என்பதை அதன் பெருஞ்சிறப்பாக நான் கருதுகிறேன். வாழ்நாள் முழுவதும் ஒரு விளையாட்டில் இருக்க விரும்பியவர்கள், உடல் மாறும்போது கருவியையும் மாற்றிக்கொண்டார்கள்.

படகுகளைப் பற்றி விரிவாக எழுத எனக்குப் பயிற்சி போதாது. இழுகயிற்றை நடுவிலேயே கட்டும் கம்பமும், பின்னலையைச் சிறிதாக்கும் அடிப்பாகமும், 1990களில் வந்த கணினி வேகக் கட்டுப்பாடும் இல்லாமல் இன்றைய சாதனைகள் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். படகே இல்லாமல், கம்பங்களின்மேல் சுற்றிவரும் கம்பிவடத்தை மின்மோட்டாரால் இயக்கிச் சறுக்க வைக்கும் முறையை ஜெர்மானியரான புருனோ ரிக்சன் வகுத்தார். எரிபொருளும் பெரிய நீர்ப்பரப்பும் வேண்டாத அந்த முறை நம் பக்கத்துக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

பண்ணவாடிப் பரிசல் துறையில் ஒருவரைச் சந்தித்ததை இங்கே சொல்ல வேண்டும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் அது. முழு மட்டம் 120 அடி. தண்ணீர் இறங்கும் காலத்தில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியும் இடம். ஒரு ஸ்லாலம் களத்தை அங்கே அமைக்க முடியுமா என்று பார்க்கத் தோட்டக்காரரும் நானும் சென்றிருந்தோம். மட்டம் இவ்வளவு ஏறி இறங்கும் நீரில் நங்கூரமிட்ட மிதவைகள் வரிசை குலையாமல் நிற்பது கடினம் என்பது போனவுடனேயே தெரிந்துவிட்டது. கரையில் மூங்கில் பத்தைகளைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம், விலைக்கு வாங்காமல் ஏன் தாமே பின்னுகிறார் என்று கேட்டேன்.

"வாங்கலாமுங்க தம்பி. ஆனா துடுப்புப் போடும்போது எந்தப் பக்கம் இழுக்குதுன்னு எனக்குத்தானே தெரியும்? அடுத்த பரிசல்ல அந்தப் பக்கம் ஒரு பத்தையைக் கூட்டிக் குடுத்துருவேன். பின்னிக் குடுக்கறவனுக்கு இதைச் சொன்னாப் புரியாதுங்க" என்றார்.

தோட்டக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓபிரையனைப் பற்றியும் மேப்பிளைப் பற்றியும் நான் அவரிடம் பேசியதையெல்லாம் அந்தப் பெரியவர் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

இந்த வாழ்நாள் உழைப்பால் இன்னும் முழுமையாகத் தீராத ஒன்று உண்டு: கால்பிடி. தோல்வாரில் தொடங்கி, சோப்புநீர் தடவிக் காலை நுழைக்கும் ரப்பர்ப் பிடிகளாகி, இன்று விறைப்பான பூட்ஸ் காலணிகள் வரை அது வந்திருக்கிறது. விழும்போது இரண்டு கால்களும் விடுபட வேண்டும், அல்லது இரண்டும் பலகையிலேயே இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டு மற்றொன்று மாட்டிக்கொண்டால் நீண்ட பலகை நெம்புகோலாக மாறிக் கணுக்காலை முறித்துவிடும். இதற்காக இரண்டு பூட்ஸ்களையும் ஒரே தகட்டில் பொருத்தி, குறிப்பிட்ட விசை வந்ததும் தகடு முழுவதும் பலகையை விட்டுக் கழலும்படி செய்கிறார்கள். அந்த விசையைக் குறைத்து வைத்தால் திருப்பத்தின் நடுவே கழன்றுவிடுகிறது. கூட்டி வைத்தால் விழும்போது கழலாமல் இருந்துவிடுகிறது. ரப்பரே பாதுகாப்பு என்பவர்களும் விறைப்பான பூட்ஸே பாதுகாப்பு என்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். இரு தரப்பும் தம் கணுக்காலை வைத்தே பேசுவதால் எதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பழுதுபார்த்த பலகை நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது குளிர்நாட்டு ஏரிக்காக அளவெடுக்கப்பட்டது. 10 டிகிரியில் இருக்கும் தண்ணீரைவிட 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரின் பிசுபிசுப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. பலகைக்குக் கிடைக்கும் பிடிப்பு அதற்கேற்ப மாறுகிறது. அதனால் வெப்ப நீருக்கு ஃபின்னின் அளவைத் திருத்த வேண்டும் என்கிறார் தோட்டக்காரர். பலகையின் வடிவத்தையே நம் தண்ணீருக்கு ஏற்ப மாற்றிப் பார்க்கலாம் என்பது என் ஆசை. அதற்காகப் பழைய பலகையின் ராக்கரையும் குழிவையும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அளந்து எழுதி, எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகையில் பேட்டர்ன் எனப்படும் மாதிரி வடிவம் ஒன்றைச் செதுக்கத் தொடங்கியிருக்கிறேன். மோல்டு எடுப்பதுவரை எனக்குத் தடை இல்லை. சித்திரை வெயிலில் ரெசின் கைக்குள்ளேயே இறுகிவிடும் என்பதால் லே-அப், அதாவது மேட்டை அடுக்கி ரெசின் பூசும் வேலையை, அதிகாலையில் செய்துகொள்வேன். கையால் போடும் லே-அப்பில் கனம் சீராக நிற்காது என்பதுதான் தடை. சூடாக்கி அழுத்தும் பிரஸ் வேண்டும், ஐந்தரை அடி நீளத்துக்கு. சேலம், மேட்டூர், ஈரோடு வட்டாரத்தில் அப்படி ஒரு பிரஸ் வைத்திருப்பவரோ, வைத்திருப்பவரை அறிந்தவரோ இதைப் படித்தால் எனக்குத் தெரிவியுங்கள். அளவுகள் அனைத்தையும் அவர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். வேலை முடிந்ததும் பலகையின்மேல் நிற்கத் தோட்டக்காரர் தயாராக இருக்கிறார், நானும் அவரிடம் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன்.